இரண்டு வாரம் அதிகம்

அந்தக் கிராமத்து நர்ஸுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தது அவளுடைய கணவன். வேன் ஓட்டுகிறவன். “அணைக்கிற பொத்தானை மட்டும் வைக்க மறந்துட்டாங்க” என்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வலியில் துடிக்கிறவளைப் பேசிப் பேசியே பிள்ளை பெறவைத்துவிடும் வாய் அது.

முன்பெல்லாம் ஸ்கேன் எடுக்கக் கர்ப்பிணிகள் பஸ் மாறி நகரத்துக்குப் போகவேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரே ஒரு டாக்டர். அவர் எழுதியது கோப்புக்குள் தூங்கும். இப்போது கைக்கு அடக்கமான கருவியைப் போனில் செருகி வயிற்றின் மேல் மெல்ல இழுத்தால், செயற்கை நுண்ணறிவு கருவின் வயதைக் கணித்துத் திரையில் போட்டுவிடுகிறது. ரேடியோவுக்குக் கேட்கவேண்டுமா? வந்ததை அறை முழுக்க அறிவிப்பாள்.

அன்றும் அறிவித்தாள். “பன்னிரண்டு வாரம். இதயம் குதிரை மாதிரி ஓடுது.”

படுத்திருந்த பெண் சிரித்தாள். பக்கத்தில் இருந்த மாமியார் விரல்விட்டு எண்ணினாள்.

“என் மகன் கப்பல்லேருந்து வந்தே பத்து வாரம்தானே ஆகுது?”

பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “அத்தை, என்ன பேசறீங்க?”

“நானா பேசறேன்? மிஷின் பேசுது. அதுக்கு உன்மேல என்ன பகை? அவன்கிட்டயே கேட்டுடறேன். அப்புறம் நீ உங்கம்மா வீட்டுக்கே போய்க்கலாம்.”

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. கர்ப்பத்தின் வாரங்களைக் கரு தரித்த நாளிலிருந்து யாரும் எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். மிஷினுக்கும் அதே கணக்கைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது. அதைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் தம்பட்டம் அடித்தது தன் வாய்தான்.

பதறிப்போய் விளக்கினாள். மாமியார் மசியவில்லை.

“இல்லாத கருவுக்கு வயசா? யார் காதுல பூ சுத்தறே?”

“உங்க முதல் பிள்ளை எப்பம்மா உண்டாச்சு?”

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கல்யாணத்தன்னைக்கே தங்கினவன். ஊரே சொல்லும்.”

“இந்த மிஷின் கணக்குல, கல்யாணத்தன்னைக்கே உங்க பிள்ளைக்கு ரெண்டு வார வயசு. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

மாமியார் மறுபடியும் விரல்களை மடக்கினாள். பாதியில் நிறுத்தினாள். “சீ, போம்மா” என்றாள். சிரிப்பு தப்பி வந்துவிட்டது. “சரி, சரி. இவ பிழைச்சா.”

அந்தக் கடைசி வார்த்தை ரேடியோவைச் சுட்டது. தப்பே செய்யாதவள் எதிலிருந்து பிழைப்பது? மகன் கப்பலில் இருந்த மாதங்களுக்குக் கணக்குக் கேட்க ஒரு மிஷினும் வரவில்லை.

“பிழைக்கிறதுக்கு இவ என்ன பண்ணா? மன்னிப்புக் கேளுங்க.”

மாமியார் சுவரைப் பார்த்தாள். பெண் வயிற்றிலிருந்த ஸ்கேன் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“விடுங்கக்கா. இங்கே நடந்ததை நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

“அவன்கிட்ட எதுக்குடி?” மாமியாரின் குரல் இறங்கியது.

“நீங்கதானே அத்தை, அவர்கிட்டயே கேக்கணும்னு சொன்னீங்க?”

இருவரும் போனதும் அடுத்த கர்ப்பிணியோடு மூன்று உறவினர்கள் உள்ளே நுழைந்தார்கள். கருவியைத் தொடுவதற்கு முன் ரேடியோ அவர்களுக்குக் கதவைக் காட்டினாள்.

“அறிவிப்பு இவளுக்கு மட்டும்தான். இவ சொல்ல இஷ்டப்பட்டா, வெளியில கேட்டுக்கங்க.”