நீடாமங்கலம் கேட்டில் நின்ற கார்

கார் முதன்முதலில் விக்கியது ஒரு மார்கழிக் காலை, கூத்தாநல்லூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரு கணம் விட்டுப்போய், வண்டியை உலுக்கிவிட்டு மறுபடி ஒழுங்காக ஓடியது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணைத் திறந்தார்.

“என்ன அது?”

“பள்ளம்ங்க,” என்றேன். பள்ளம் எதுவும் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் அவரை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போவேன். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிடுவேன். காலை ஆறு மணிக்கே கிளம்பியாக வேண்டும். எங்கள் இரண்டு வீட்டிலும் அடுத்தவர் வயலில் நடவு நட்ட சனம்தான். முதலில் கார் வாங்கியவர் அவர், அதுவும் மூன்றாம் கையாக. கைகால் நன்றாக இருந்தவரை ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுத்ததில்லை. அவருக்கு முடியாமல் போனபிறகுதான் நான் ஓட்டப் பழகினேன்.

எங்கள் மெக்கானிக் பாயிடம் அன்று சாயங்காலமே வண்டியை விட்டேன். ஸ்கேன் போட்டுப் பார்த்தார். பிளக் நான்கையும் மாற்றினார். கடைத்தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டு வந்தார்.

“இன்ஜின் விட்டு விட்டு ஓடுற மிஸ்ஸிங்கே இல்லயே டீச்சர். என் கைக்கு வந்தா சமத்தா ஓடுது. நான் பாக்கும்போது மிஸ் அடிச்சாதானே என்னான்னு சொல்ல முடியும்?”

அடுத்த வாரம் இரண்டு தடவை விக்கியது. அதற்கடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டேன். இரு பக்கமும் சம்பா வயல். பனியில் பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியாது. அந்தப் பனிக்குள் இன்ஜின் தடுமாறும்போது பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் முதுகில் அறையும். ரேடியோவை நிறுத்திவிட்டேன். பேச்சும் நின்றுபோயிற்று. இரண்டு பேரும் இன்ஜின் விக்கும் சத்தத்தை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்போம். திரும்பி வரும்போது, மத்தியான வெயிலில், வண்டி ஒருமுறைகூட அசையாது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

தை பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு, நீடாமங்கலம் கேட்டில் வெகுநேரம் காத்திருந்தோம். ரயில் போய்க் கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரேயடியாக உள்ளே புகுந்தன. எனக்கு முன்னால் போன செங்கல் லாரி நின்றது. நானும் பிரேக் போட்டேன். இன்ஜின் இரண்டு முறை உதறி அணைந்தது. கீழே பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் இருந்தோம்.

சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். லாரி நகர்ந்து போய்விட்டது. கேட்டில் மணி அடிக்கத் தொடங்கியது.

“இறங்குங்க, இறங்கிடுங்க!” என்று கத்தினேன்.

அவர் வீங்கிய காலைப் பார்த்தார். “என்னால எங்க இறங்க முடியும்? நீ போ.”

“பேசாம இருங்க!”

“நீ இறங்கிப் போன்னு சொல்றேன்ல,” என்றார். அதட்டல் இல்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் மறுபடியும் சாவியைத் திருப்பினேன்.

பைக்கில் நின்றவர்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். “கியரை நியூட்ரல் பண்ணுங்கக்கா!” என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். தள்ளினார்கள். சக்கரங்கள் ஒவ்வொரு தண்டவாளமாக ஏறி இறங்கி, வண்டி கேட்டுக்கு வெளியே வந்தது. கேட்கீப்பர் வந்து ஜன்னலில் குனிந்தார்.

“பயப்படாதீங்கம்மா. நான் கேட்டச் சாத்துனாதான் அங்க ரயிலுக்கு சிக்னல் விழும். ரயில் வந்துருக்காது.”

 கால் மணி நேரம் கழித்து வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆனது.

பாயிடம் நடந்ததைச் சொன்னேன். “காலைல மட்டும்தானே? பனி பெய்யறப்ப?” என்று கேட்டார். வண்டியைத் தார்ப்பாய் கட்டிய இருட்டு மூலைக்குத் தள்ளி, இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்து சலூனில் வாங்கிவந்த ஸ்பிரே பாட்டிலால் மெல்லத் தண்ணீர் தெளித்தார். இன்ஜின் விக்கியது. மூன்றாவது பிளக் வயரில் நீலமாக ஒரு பொறி, பக்கத்து இரும்பில் பாய்ந்து பாய்ந்து அணைந்தது.

“பாத்தீங்களா? வயர்ல முடி மாதிரி வெடிப்பு. ஈரம் பட்டா கரண்ட்டு வெளியே ஓடிடுது.”

வயர் செட் முழுவதையும் மாற்றினார். ஐந்து வாரம், எவ்வளவு பனியிலும், வண்டி வெண்ணெய் போல ஓடியது. என் கணவர்கூட மறுபடி வழியில் தூங்கத் தொடங்கினார்.

மாசியில் ஒரு மத்தியானம், டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மாபேட்டை தாண்டியதும் வண்டி ஒரே ஒரு தடவை உதறியது. ரோட்டில் ஈரமே இல்லை, நல்ல வெயில். அவர் விழித்துக்கொண்டார். அது என்னவென்று இந்தமுறை கேட்கவில்லை.

பாயிடம் சொன்னேன். “வெயில்லயா?” என்றார். பானெட்டைத் திறந்தவர் உள்ளே கை வைக்காமல் நின்றார்.

அந்த வாரத்திலிருந்து தஞ்சாவூருக்கு வாடகைக் காரில் போகிறோம். எங்கள் காரை விற்கலாம் என்றேன்.

“வாங்குறவன்கிட்ட என்னன்னு சொல்லுவ?” என்றார் அவர்.

 கார் வாசலிலேயே நிற்கிறது.