நான்கு விநாடி மாமா

நான் தயாரித்த படங்கள் ஏழு. அவற்றில் ஓடியவை மூன்று, நடந்தவை இரண்டு, முதல் நாளே உட்கார்ந்துவிட்டவை இரண்டு. ஏழும் சிங்களப் படங்கள். நானோ கொழும்புத் தமிழன். அந்தக் காலத்துக் கொழும்பில் இது யாருக்கும் புதினமாகப் படவில்லை. இங்கே ஷார்ஜாவில், ரோலாவிலுள்ள மகளின் ஃபிளாட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. நான்கு வருடத்தில் முப்பத்தொரு தடவை விளக்கிவிட்டேன்.

தயாரிப்பாளர் என்றால் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் என்று மருமகன் நினைக்கிறார். உண்மையில் என் வேலை எண்ணுவது. காலையில் வந்த ஆட்கள் எத்தனை, சோற்றுப் பார்சல் எத்தனை, மழைக் காட்சிக்குக் கொண்டுபோன பன்னிரண்டு குடைகளில் திரும்பியவை எத்தனை. (ஒன்பது. மற்ற மூன்றும் எங்கே என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.) கலையெல்லாம் இயக்குநரின் பாடு. கமராவுக்கு முன்னால் நான் போனது மொத்தம் நான்கு விநாடி.

அது மூன்றாவது படம், அழுகைப் படம். தாய் சாகக் கிடக்கிறாள். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, அழுதுகொண்டு நிற்கும் சிறுமியின் தலையைத் தொட்டு, "மம என்னம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாம் "போயிட்டு வாறன்" என்பது போலச் சிங்களத்தில் விடைபெறும் சொல் அது. நான் வருகிறேன் என்று பொருள். டாக்டராக நடிக்க வேண்டியவருக்கு அன்று காலை கூகைக்கட்டு வந்து கன்னம் இரண்டும் வீங்கிவிட்டன. இயக்குநர் என்னைப் பார்த்தார். கோட்டை மாட்டிவிட்டு, பையைக் கையில் தந்து, "ரெண்டு சொல்தானே முதலாளி" என்றார்.

"மம" என்றால் நான். இரண்டும் குறில். தமிழ் நாக்குக்கு அப்படி ஒரு சொல்லோடு பழக்கமில்லை. அதற்குத் தெரிந்தது மாமா. சிங்களத்திலும் மாமா மாமாதான். கமரா ஓடியதும் நான் பதறினேன். குறில் இரண்டும் நெடிலாகிவிட்டன. "மாமா என்னம்" என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாக நடந்து போனேன். தாய் சாகக் கிடக்கும் வீட்டில் டாக்டர், "மாமா போயிட்டு வாறன், என்ன?" என்று செல்லம் கொஞ்சிவிட்டுப் போனது போல ஆயிற்று.

அப்போது அங்கே நின்றவர்கள் இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேருக்கும் கேட்டிருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. நான் தயாரிப்பாளர் அல்லவா? "சூப்பர் முதலாளி" என்றார் இயக்குநர். ஒலிப்பதிவாளர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். தடிமன் பிடித்திருக்கிறது என்று அவருக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

முதல் காட்சியன்று, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த எழுநூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று தொடக்கம் நாற்பத்தொரு வருடமாக நான் சிங்களத்தில் "நான்" என்று சொல்வதே இல்லை. "அபி" என்பேன், அதாவது நாங்கள். நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், எங்களுக்குப் பல் வலிக்கிறது. சிலர் என்னை மிகவும் பணிவானவர் என்று நினைத்தார்கள். ஒரு பல் வைத்தியர் மட்டும், எத்தனை பேருக்கு வலிக்கிறது என்று கேட்டார்.

போன மாதம் தொழில்பேட்டையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு சிங்களவர் வீட்டுக்கு வந்தார். வயது ஐம்பதுக்குள் இருக்கும். அவரும் நண்பர்களும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, டியூட்டி இல்லாதவர்களைச் சேர்த்துப் பழைய படம் போடுவார்களாம். இந்தத் தடவை நான் பிரதம விருந்தினராம். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"எந்தப் படம்?" என்றேன்.

மூன்றாவது படத்தின் பெயரைச் சொன்னார்.

"ஏழு படம் இருக்கு, தம்பி. மற்ற ஆறுக்கும் என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்ல, அங்கிள். ஆக்கள் இதத்தான் கேக்கிறாங்க."

நான் மன்றாடினேன். கடைசியில், "சரி, அந்த டாக்டர் வாற நாலு விநாடிய மட்டும் வெட்டிப் போடுங்க" என்றேன்.

"டாக்டரையா? ஏன்?"

"அது நாங்கள்."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். "நாங்கள் எண்டா எத்தின பேர், அங்கிள்?"

"நாங்கள் ஒராள்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு, "அங்கிள் சொன்னா சரி. வெட்டிருவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் சமையலறையிலிருந்து, "அப்பா, அந்த டாக்டர் நீங்க எண்டு அந்த மனுசனுக்குத் தெரியாது. நீங்களாவே காட்டிக் குடுத்திட்டீங்க" என்றாள்.

மண்டபத்தில் நாற்காலிகள் நூற்றிருபது. என்னைத் தவிர்த்துத் தலைகள் தொண்ணூற்று நான்கு. படம் நன்றாகத்தான் போனது. சிறுமி அழுதாள், அறைக் கதவு திறந்தது, அடுத்த கணம் செத்த வீடு. டாக்டர் வரவேயில்லை. எனக்கு மூச்சு வந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க மாமா?"

அவ்வளவுதான். நாற்காலிகளைத் தட்டத் தொடங்கினார்கள். "மாமாவக் காணோம்!" "மாமாவப் போடு!" "மாமாவுக்காகத்தான் அஜ்மான்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தன்!" கராஜ்காரர் படத்தை நிறுத்திவிட்டு, முன்வரிசையை நோக்கி விரலை நீட்டினார். "என்ன ஏசாதீங்க! அவர்தான் வெட்டச் சொன்னார். அந்த மாமாவே அவர்தான்!"

தலைகள் அத்தனையும் திரும்பின. பிறகு, எழும்பிச் சொல்லு என்று ஒரே கூச்சல்.

நான் எழும்பினேன். நாற்பத்தொரு வருடமாகக் குளியலறையில் யாருக்கும் தெரியாமல் பயின்ற சொல். நாக்கை அடக்கி, குறிலைக் குறிலாகவே, அட்சர சுத்தமாகச் சொன்னேன்: "மம என்னம்."



மூன்றாவது வரிசையில் மீசைக்காரர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "இவர் இல்ல."

"குரலே வேற" என்றார் பக்கத்தில் இருந்தவர். "பாவம், வயசாளி. ஆரோ சும்மா கூட்டிக்கொண்டு வந்திட்டாங்க."

என்னோடு வந்திருந்த மகள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். ஏழு படம் எடுத்தவனை, அதுவும் பிரதம விருந்தினரை, ஆள்மாறாட்டக்காரனாக்கிவிட்டார்கள்! கராஜ்காரர் அருகில் வந்து என் காதில் சொன்னார்:

"அங்கிள், பிழையாச் சொல்லுங்க. எங்கட அப்பா சவூதில, அல் கோபார்ல டிரைவரா இருந்தவர். லீவு முடிஞ்சு போகேக்க எயார்போட் வாசல்ல 'மாமா என்னம்' எண்டுதான் சொல்லுவார். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறவர் மாமாதானே? நாங்க விழுந்து விழுந்து சிரிப்பம். ஒரே ஒருமுறை சரியாச் சொல்லிட்டார். அம்மா அழத் தொடங்கிட்டா. எங்கட ஊரில கல்ஃபுக்கு வாறவன் எல்லாம் இதச் சொல்லிட்டுத்தான் விமானம் ஏறுறான். நானும்தான்."

இதை நாற்பத்தொரு வருடத்தில் ஒருவராவது எனக்கு எழுதிப் போட்டிருக்கலாம்.

நான் மீண்டும் நிமிர்ந்து நின்றேன். கையில் பை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். நெடிலுக்கு இலக்கணம் தருவது இரண்டு மாத்திரை. நான் நான்கு கொடுத்தேன். "மாமா என்னம்."

கூரை அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். "அவரேதான்! நான் அப்பவே சொன்னனே!" என்று கத்தினார், அப்போது அதற்கு நேர்மாறாகச் சொன்ன மீசைக்காரர். கராஜ்காரர் வெட்டாத படத்தைத் திரும்பப் போட்டார். திரையில் கோட்டுப் போட்ட இளைஞன் சொன்னபோது இன்னொரு தடவை சிரித்தார்கள். பிறகு தாய் செத்ததும் ஒழுங்காக அழுதார்கள். என் படங்களிலேயே ஒரே காட்சியில் இரண்டும் கிடைத்தது அன்றுதான்.

ஆனால் நான் கவனித்தேன். தொண்ணூற்று நான்கு பேரில் சிரித்தவர்கள் தொண்ணூற்று மூன்று. வாசலில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேபாளி சிரிக்கவில்லை. அவருக்குச் சிங்களம் தெரியாது என்றார் கராஜ்காரர். அது ஒரு காரணமா? படம் முடிந்ததும் நேரே அவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த இந்திச் சொற்கள் பத்தொன்பது. அத்தனையையும் செலவழித்து, பாய், இது மே (அதாவது நான்), இது மாமா, டாக்டர் நான், மாமா வருவார் என்று விளக்கினேன். அவர் கெட்டிலைக் கீழே வைத்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"கிஸ்கா மாமா?" என்றார். யாருடைய மாமா?

மகள் லிஃப்டைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கலாஸ், முடிஞ்சுது, வாங்க போவம்!" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, கூகைக்கட்டிலிருந்து கதையை மறுபடி தொடங்கினேன். கூகைக்கட்டுக்கு இந்தியில் என்ன சொல் என்பதுதான் தெரியவில்லை. கன்னங்களை ஊதிக் காட்டினேன். அதற்கு அவர் சிரித்தார்.