குடல் வருத்தத்தை மறைத்த வீடு

அனுஜன் என்றால் கொழும்பு வெள்ளவத்தையில் யாருக்கும் தெரியாது. காலி வீதிச் சேலைக்கடையில், விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டுக் கக்கூசுக்கு ஓடுகிறவன் என்றால் தெரியும். முதலாளி அவனை ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்.

இரத்தம் போகத் தொடங்கியதும் தாய் கௌரி டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

“குடும்பத்தில ஆருக்கும் குடல் வருத்தம் இருந்ததோ?”

“சீச்சீ, இல்லை டொக்டர். இவன்ர அப்பா ஹார்ட் அட்டாக்கில போனவர்.”

அனுஜனும் அப்படித்தான் நம்பியிருந்தான். அக்கா நிருஷாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் இவர்கள் குடியிருந்த தொடர்மாடியில் கதவு கதவாய்த் தட்டி விசாரிப்பார்கள். பரம்பரை வருத்தம் என்று ஒரு சொல் கசிந்தால் சரி, அத்தோடு முடிந்தது.

டொக்டர் அடிக்குடலை மட்டும் பார்த்து, அழற்சி என்று குளிசை கொடுத்தார். ஓட்டம் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து முழுக்குடலுக்கும் கமரா விட்டால், மேலே காளான் முளைத்த மாதிரிக் கட்டிகள். ஒன்று புற்று. அழற்சியும் உண்மைதான், ஆனால் கட்டிகள் வேறு வருத்தம், பரம்பரையாய் வருவது என்றார் டொக்டர். பெருங்குடலை வெட்டி எடுத்து, வயிற்றில் பை வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில்தான் கௌரி உண்மையைச் சொன்னாள். “அப்பாவுக்கும் உதுதான்.”

“அக்காவையும் சோதிக்கோணுமாம், அம்மா.”

“வாயைப் பொத்து! கனடா மாப்பிள்ளை சரிவாற நேரம்.”

பை நாறும் என்று அவனை வீட்டுக்கு எடுக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் விட்டார்கள். அங்கிருந்து அக்காவுக்குப் போன் எடுத்து, அப்பாவின் வருத்தத்தைச் சொன்னான்.

“எனக்குத் தெரியும்” என்றாள் நிருஷா.

“எப்ப தொடக்கம்?”

“அப்பா செத்த நாளிலயிருந்து.”

“அப்ப நான் ரத்தமாப் போகேக்க?”

“உனக்குச் சொன்னா நீ டொக்டருக்குச் சொல்லுவாய், பிறகு ஊருக்கே தெரிஞ்சிடும். எனக்கு முப்பத்தினாலு வயசடா! கனடாவில போய்ச் சோதிக்கிறன். நீ கலியாணத்துக்கு வராத.”

மறுநாள் அனுஜன் மாப்பிள்ளையின் சிறியதகப்பன் நமசிவாயம் தங்கியிருந்த லொட்ஜுக்குப் போய்ச் சேட்டைத் தூக்கி வயிற்றுப் பையைக் காட்டினான். “எங்கட வீட்டு வருத்தம், ஐயா. அக்காவைச் சோதிச்சுப்போட்டுத் தாலி கட்டச் சொல்லுங்கோ.”

நமசிவாயம் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினார். பின்னேரத்துக்குள் சம்பந்தம் முறிந்துவிட்டது.

டொக்டரிடம் அக்காவுக்கு நாள் எடுத்து, வாசலில் காத்திருந்தான் அனுஜன். அவள் வரவில்லை. போனில் ஒன்றே ஒன்று சொன்னாள்:

“இனி ஆருக்காகச் சோதிக்கிறது? கமராவுக்கு நீயே போய்ப் படு.”