அம்பு ஒட்டிய பக்கம்

இந்த ஊரில் புத்தகத்துக்கும் பனியன் போடுகிறார்கள். எங்கள் வீட்டு ஓனர் பழனியம்மா அக்காவின் அலமாரியில் இருக்கும் நாவல்களுக்கெல்லாம் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணியில்தான் அட்டை. தலைப்பு வெளியே தெரியாது. பிரித்தால்தான் உள்ளே கொலையா, கல்யாணமா, பேயா என்று தெரியும். எல்லாம் அக்காவின் மகள் வாங்கியவை. அவள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. திரும்பி வரும்போது தூசி படிந்திருக்கக் கூடாது என்று அக்கா ஒவ்வொன்றுக்கும் உறை தைத்துப் போட்டிருக்கிறார். உடன்குடியிலிருந்து பிழைக்க வந்து மாடியில் குடியிருக்கும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை இரவல் தருகிறார்.

எனக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். குறையைச் சரிசெய்த பிறகுதான் அதைப் பிய்க்கலாம். நாள் முழுக்க ஒட்டிய கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருப்பதில்லை. சுடிதாரில் ஒட்டிக்கொண்டு வருகிற ஸ்டிக்கர்களை நாவல்களில் ஒட்ட ஆரம்பித்தேன். துப்பறியும் நாவலில் செத்துப்போன வாட்ச்மேனுக்காக ஒருவர்கூட அழவில்லை, அங்கே ஒன்று. ராஜா கதையில் அவ்வளவு பெரிய படை போகிறது, அவர்களுக்குச் சோறு பொங்கியவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது, அங்கே ஒன்று. குடும்ப நாவலின் மருமகள் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் மன்னித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பக்கம் முழுக்க ஒட்டினேன். பேய்க்கதையில் மட்டும் எங்கேயும் ஒட்டவில்லை. வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடித்த அந்தப் பேயைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

போன வாரம் வாசித்தது, வெளிநாடு போன ஒரு பெண்ணின் கதை. பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். அம்மா அவளுடைய பழைய தட்டிலேயே சோறு போடுகிறாள். எங்கேயும் போகாதவள்போல அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதோடு கதை முடிகிறது. எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. கோயில் திருவிழாவுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது மதினி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஒனக்கு இப்ப நம்மூருத் தண்ணி ஒத்துக்காதுல்லா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். பிறந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டேன் என்பது அந்தப் பாட்டிலின் மூடியைத் திருகும்போதுதான் எனக்கு உறைத்தது. நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு அம்பை அழுத்தி ஒட்டினேன்.

எப்போதும் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். இந்தமுறை மறந்துவிட்டேன். அக்கா வாசலிலேயே புத்தகத்தைப் பிரித்துவிட்டார். சொந்தமாகக் கம்பெனி நடத்தியவர். அந்த அம்புக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"ஏங்கண்ணு, இந்தப் பக்கத்துல என்னங் டேமேஜு? நான் திரும்பத் திரும்பப் படிக்கறதே இதையத்தானுங்."

"ஒண்ணும் இல்லக்கா. கை தவறி ஒட்டிட்டேன்."

அக்கா நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எம்புள்ள வந்துருவாளுங்கல்ல?"

அந்தக் கேள்வியை அவர் வேறு யாரிடமும் கேட்டிருக்கமாட்டார். ஊரைவிட்டு வந்தவள் என்பதால் என்னிடம் கேட்டார். பதில் என்னிடம் இருந்தது. குனிந்து ஸ்டிக்கரைப் பிய்த்தேன். குறை சரியாகாமல், குறையே இல்லை என்று சொல்லி நான் பிய்த்த ஸ்டிக்கர் அது.

அப்போது கையிலிருந்த போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

"ஏட்டி, எப்ப வருவ?"

"வந்துருவேம்மா" என்றேன், வழக்கம்போல.

அந்தப் பக்கம் அம்மா சரி என்றாள். இந்தப் பக்கம் அக்காவின் முகம் மலர்ந்தது. தன் மகளே சொல்லிக் கேட்டதுபோல, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். பிய்த்த ஸ்டிக்கர் என் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது, அம்பு என் பக்கம் பார்த்து.