வெள்ளிக்கிழமை வர்த்தமானி

என் மடிக்கணினித் திரையில் மேலிருந்து கீழாக ஒரு விபூதிக் கோடு இருக்கும். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் விழும் கோடு அது. பெரியப்பா கோயிலால் நேரே சுன்னாகத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு வருவார். பிளாஸ்ரிக் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அரசாங்கக் கெசட்டான வர்த்தமானியில் காணிப் பட்டியல் வரும் இடமெல்லாம் விபூதி ஒட்டிய விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்குவார். அவர் போன பிறகு நான் முணுமுணுத்தபடி துடைப்பேன். தொடாமல் பார்க்கத் தெரியாத மனுசன் என்று அம்மாவிடம் குறைப்பட்டும் இருக்கிறேன்.

பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த எங்களுக்கு, வெள்ளிதோறும் இணையத்தில் வரும் அரச வர்த்தமானி பஞ்சாங்கம் மாதிரி. எங்கே வெற்றிடம், விண்ணப்ப முடிவு எப்போது என்று அதில்தான் பார்ப்போம். பெரியப்பா பார்த்தது காணிக்காக. கடற்கரைப் பக்கம் இராணுவம் போட்ட முள்ளுக்கம்பிக்குள் அகப்பட்டுப்போன நாவலடி வளவு என்ற காணி பெரியம்மாவுக்குச் சீதனமாக வந்தது. பெரியம்மா இடம்பெயர்ந்து போன இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார். "அது அவவின்ரை காணி. நான் காவல்காரன்தான். மகளின்ரை கையிலை குடுத்திட்டால் என்ரை வேலை முடிஞ்சுது" என்பார். கனடாவில் இருந்த அந்த மகள், எங்கள் அக்கா, வரச்சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம், காணியை விடட்டும், பிறகு பார்ப்போம் என்று தட்டிக்கழித்தார். விடுவிக்கும் காணிகளின் விபரம் வர்த்தமானியில் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவருடைய வெள்ளிக்கிழமை கோயிலில் தொடங்கி என் மேசையில் முடிந்தது.

அந்தத் தமிழ்ப் பிரதிகளில் சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது. எழுத்துரு பழையது, கண்ணால்தான் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு நான் இல்லை என்றால், "வடிவாப் பார் பிள்ளை" என்பார். மறுபடி கவனமாகப் பார்த்துவிட்டு மறுபடி இல்லை என்பேன். "சரி, வாற வெள்ளி பாப்பம்" என்று சைக்கிளை எடுப்பார். முகத்தில் வாட்டம் ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் அலுப்பு வரும்.

ஒரு மழை நாள். வெள்ளிக்கிழமைகூட இல்லை. வேலை வெட்டி இல்லாமல் இருந்தபோது எனக்கு ஒரு யோசனை ஓடியது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. நாங்களோ இவ்வளவு காலமும் பெரியப்பாவின் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். சீதனக் காணிக்கு அவர் பெயர் எப்படி வரும்? காணியின் பெயரையும் பெரியம்மாவின் தகப்பன் பெயரையும் மனதில் வைத்துக்கொண்டு, பழைய இதழ்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாங்கள் எல்லாரும் சிதறிப்போயிருந்த காலத்து இதழ் ஒன்றில், ஒரு நீண்ட பட்டியலின் நடுவில், நாவலடி வளவு இருந்தது.

உடனே தொலைபேசியை எடுத்தேன். "கண்டுபிடிச்சிட்டன் பெரியப்பா! நாவலடி கிடக்குது!" என்று கத்தினேன். "வாறன், வாறன்" என்றார். வைத்துவிட்டுத்தான் பட்டியலின் தலைப்புக்குப் போனேன். பொதுத் தேவைக்காக அரசு எடுத்துக்கொள்ளும் காணிகள் என்று இருந்தது. இன்று விடுவார்கள், நாளை விடுவார்கள் என்று நாங்கள் பார்த்திருந்த காணி, கடதாசியில் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. திரும்ப அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. அதற்குள் சைக்கிளில் ஏறியிருப்பார்.

மழையில் நனைந்து, சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு வந்தார். ஆவலோடு விரலைத் திரையில் வைத்தார். அன்றைக்கு அந்த விரலில் விபூதி இல்லை. தலைப்பை வாசித்துக் காட்டினேன். வடிவாப் பார் என்று சொல்வார், சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "கொஞ்சம் தண்ணி தா பிள்ளை" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. கொஞ்ச நாளில் கனடாவுக்குப் போய்விட்டார். என்றைக்காவது தெரியவேண்டியதுதானே, நீ என்ன செய்வாய் என்று அம்மா சொன்னார். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தெரியவந்த விதம் இருக்கிறதே, அதுதான் என்னை அரித்தது. பாராட்டுக்கு ஏங்கிப் போட்ட சத்தம் அது. அந்தச் சந்தோசக் குரலை நம்பித்தான் ஒரு கிழவர் மழையில் ஓடி வந்தார். வெறும் மேசையைப் பார்க்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அந்த வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பித்து எனக்கு வேலையும் கிடைத்தது. வெற்றிடம் பார்க்கும் தேவை தீர்ந்த பிறகும் வெள்ளிப் பின்னேரம் கை தானாக அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. போன வெள்ளியும் திறந்தேன். நாவலடி வளவு இருந்தது. இந்த முறை முதலில் தலைப்புக்குப் போனேன். முன்பு எடுத்த காணிகளில் சிலவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பது பற்றிய அறிவித்தல். நம்பாமல் திரும்பத் திரும்ப வாசித்தேன். சந்தோசம் வரவில்லை. நான் அன்றைக்கு அந்தப் பழைய இதழைக் கிண்டாமல் விட்டிருந்தால், அவர் இப்போது இந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்திருப்பார்.

கனடாவுக்கு எடுத்தேன். அங்கே விடிந்திருந்தது. அக்கா தொலைபேசியை அவரிடம் கொடுத்தார்.

"ஆர், பிள்ளையோ? இஞ்சை எனக்கு நாள், கிழமை ஒண்டும் பிடிபடுதில்லை. இண்டைக்கு வெள்ளியோ?"

"ஓம் பெரியப்பா. நாவலடியை விட்டிட்டாங்கள். கெசட்டிலை போட்டிருக்கு."

"வடிவாப் பார் பிள்ளை," என்றார். "அண்டைக்கும் நீ உப்பிடித்தான் சந்தோசமாச் சொன்னனி."

துடைத்து வைத்திருந்த திரையில் விரலை வைத்து, தலைப்பிலிருந்து ஒவ்வொரு வரியாக அவருக்கு வாசிக்கத் தொடங்கினேன்.