ஆளுயர மாலையோடு அடையாறு வரை

கோயிலுக்காகச் சென்னை போகிறவர்கள் உண்டு, கடலைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. வயிற்றெரிச்சல் பட்டுவிட்டு வருவதற்காக 290 ரூபாய்க்கு ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்துப் போனவன் அநேகமாக நான் ஒருவன்தான். ராத்திரி திண்டுக்கல்லில் ஏறினேன். காலை ஐந்தேகாலுக்கு எழும்பூரில் இறங்கினேன். வழியெல்லாம் தூக்கமில்லை.

காரணம் கதிரேசன். எங்கள் ஊர்க்காரன்தான்; சென்னை நந்தனத்துக் கல்லூரியில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. மாணவர் தேர்தலில் அவன் நின்றபோது அவனுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவன் நான். அந்தப் பேச்சில் அவன் ஜெயித்தான். கட்சிக்காரர் ஒருவர் அதைக் கேட்டு அவனை அழைத்துக்கொண்டு போனார். அங்கிருந்து வட்டம், பகுதி, மாவட்டம் என்று ஏறிக்கொண்டே போனான். நான் தமிழாசிரியராகி, நிலக்கோட்டைப் பக்கம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றேன். அந்தப் பேச்சைப் பற்றி யார் பேட்டி கேட்டாலும் ‘நெஞ்சிலிருந்து வந்தது’ என்பான். யார் நெஞ்சிலிருந்து?

முந்தாநாள் போனில் கூப்பிட்டான். “வியாழக்கிழமை வேட்பாளர் லிஸ்ட் வருதுடா சுந்தரம். சீட்டு எனக்குத்தான், தலைமையிலயே சொல்லியாச்சு. சாயங்காலம் நன்றிக் கூட்டம். நீ வா. அந்தப் பேச்சு நீ எழுதுனதுன்னு இந்த வாட்டி மைக்ல சொல்றேன்.”

என் சங்கடம் புரிகிறதா? அவனுக்குச் சீட்டு கிடைத்தால் என் பெயர் நாலு பேர் காதில் விழும். கிடைக்காவிட்டால் என் வயிறு குளிரும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமலேயே விழுப்புரம் தாண்டிவிட்டது.

காலை 6.10. எழும்பூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை நிலையத்துக்கு நடை, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து பறக்கும் ரயிலில் மந்தைவெளி, டிக்கெட் ஐந்து ரூபாய். நிலையத்துக்கு வெளியே காபி 25 ரூபாய். காபி நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் தினமும் இதைக் குடித்துவிட்டு, அலுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். பக்கத்தில் பேப்பரை மடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“இன்னிக்கு லிஸ்ட் வருதாமே?”

“வரட்டுமே ஸ்வாமி. யார் வந்தா நேக்கென்ன? எங்காத்துல மூணு நாளா குழாய்ல காத்துதான் வர்றது. போன தடவை ஜெயிச்சவனும் வந்து பார்த்துண்டு போனான். நன்னாத்தான் பார்த்தான்.”

காலை 7.30. மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. கதிரேசனின் ஆள் ஏழுமலை அங்கே மாலை எடுக்க வருவார், அவரோடு வண்டியில் வந்துவிடு என்று ஏற்பாடு. ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும், ஊரூர் குப்பத்துக்காரர், இருபது வருஷமாகக் கதிரேசனின் நிழல். கரைவேட்டியில் மடிப்பு கலையாமல் குட்டியானை வண்டியில் சாய்ந்து நின்றார்.

“நீங்கதானே வாத்தியாரு? அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரு.”

“என்ன சொல்லுவார்?”

“ஊர்ல ஒரு வாத்தியார் ஃப்ரெண்டு கீறாருன்னு.”

“வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“வேற இன்னா சார் சொல்றது?”

மாலையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஆறரை அடி. ரோஜாவும் சம்பங்கியும் அடர்த்தியாகக் கட்டி, நடுவில் ஏலக்காய்ச் சரம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் பணி ஓய்வு விழாவில் எனக்குப் போட்ட மாலை தொப்புளைத் தாண்டவில்லை. அதுவும் பாதி கனகாம்பரம்.

“லிஸ்ட் இன்னும் வரலையே, அதுக்குள்ள மாலையா?” என்று கேட்டேன்.

“வந்தப்பறம் வந்தா பூ கெடைக்காது சார். எல்லாக் கட்சிக்காரனும் இங்கதான் வந்து நிப்பான். மொதல்லயே வாங்கி வெச்சிரணும், அதான் வழக்கம்.” மாலையை ஈரச் சாக்கால் மூடினார். ஒரு குழந்தையைப் போர்த்துவதுபோல அவ்வளவு பதமாக மூடினார்.

காலை 9.40. தியாகராய நகர், மயிலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிக்கடையில் சால்வைகள், ஒன்று 120 ரூபாய் என்று ஐம்பது. கடைக்காரர் பாய் எல்லாக் கட்சிக்கும் தனித்தனியாகக் கரை வைத்து அடுக்கியிருந்தார். அலமாரியில் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சமாதானமாகத்தான் இருந்தன.

“கட்டு பிரிக்கலைன்னா திருப்பிக் கொண்டாங்க, எடுத்துக்குவேன்,” என்றார் பாய்.

“அது எதுக்கு பாய்? அண்ணனுக்குத்தான் சீட்டு,” என்றார் ஏழுமலை.

“இன்ஷா அல்லாஹ். நான் பொதுவா சொன்னேன்பா. கட்சி மாறுறவங்களும் நம்மகிட்டதான் வாங்குறாங்க. மாறுனா நமக்கு ரெண்டு யாவாரம்.”

அந்த மனுஷன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. முப்பது வருஷம் இலக்கணம் நடத்தி எனக்குக் கிடைக்காத தெளிவு அவருக்குக் கல்லாவில் உட்கார்ந்தே கிடைத்திருக்கிறது.

நந்தனம் சிக்னலில் வண்டி நின்றது. கல்லூரிப் பக்கம் கையைக் காட்டினார் ஏழுமலை. “அண்ணன் இங்கதான் படிச்சாரு. ஒரு பேச்சு பேசினாரு பாருங்க, எனக்கு மனப்பாடம்.” தொண்டையைச் செருமிக்கொண்டு, கதிரேசனின் குரலிலேயே சொன்னார்: “‘நாற்காலிக்கு நாலு கால் இருந்தும் நடக்கத் தெரியாது. நமக்கு ரெண்டே கால். வா தோழா, நாம் நடப்போம்!’ இன்னா வார்த்தை சார்! எனக்குக் கஷ்டம் வர சொல்லோ இதத்தான் சொல்லிக்குவேன்.”

விடுதி மொட்டைமாடியில், வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு மத்தியானத்தில் எழுதிய வரி அது. என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. சாயங்காலம் அவனே மைக்கில் சொல்லப்போகிறானே என்று அடக்கிக்கொண்டேன்.

காலை 11.00. அடையாறு. மாடி வீடு, வாசலில் ஷாமியானா, நூறு நாற்காலி, மோர். கதிரேசன் என்னைக் கட்டிப்பிடித்தான். அவனுக்கு இன்னும் தலை நிறைய முடி இருக்கிறது. யார் யாரோ அவன் காலைத் தொட்டார்கள். அவன் மனைவி மட்டும் “சாப்ட்டீங்களாண்ணே?” என்று என்னைக் கேட்டார்.

11.40க்கு டி.வி.யில் லிஸ்ட் ஓடியது. அந்தத் தொகுதி வந்தது. வேறு பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்சியில் சேர்ந்த, பெசன்ட் நகரில் மனை வியாபாரம் செய்கிற ஒருவர். யாரோ தப்பாகப் போட்டிருக்கிறான் என்றார்கள். வேறு சேனல் மாற்றினார்கள். அங்கேயும் அதே பெயர்தான்.

பொய் சொல்ல மாட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி மோர் குடித்த தொண்டை வரை வந்தது அந்தச் சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது, இனி நன்றிக் கூட்டம் இல்லை, மைக் இல்லை, என் பெயரும் இல்லை.

அழுவார்கள், கத்துவார்கள் என்று பார்த்தால், நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ‘ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்’ என்று போனவர்கள் செருப்பையும் போட்டுக்கொண்டு போனார்கள். பன்னிரண்டரைக்கு ஏழுமலை தயங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“அண்ணே, கோச்சிக்காதீங்க. பூ வாடிடும்.”

எனக்குப் புரியவில்லை. கதிரேசனுக்கு உடனே புரிந்தது. “எடுத்துட்டுப் போ. முதல் மாலை நம்ம பக்கத்துலேர்ந்து போனதுன்னு இருக்கட்டும். சால்வையையும் எடுத்துக்கோ.” ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நிஜக் கண்ணீர். துடைத்துக்கொண்டே வண்டியை எடுத்து, பெசன்ட் நகர்ப் பக்கம் திருப்பினார்.

“என்னடா இது அநியாயம்?” என்றேன்.

“இதுல என்ன? நானும் ஒருத்தர் வாசல்லேருந்து இப்படித்தான் மாலையத் தூக்கிட்டுப் போயிருக்கேன். அவரு தின்னுக்கிட்டிருந்த சோத்த அப்பிடியே வச்சுட்டுப் பார்த்துக்கிட்டிருந்தாரு.” இவ்வளவு வருஷச் சென்னைப் பேச்சு ஒரு நிமிஷத்தில் உதிர்ந்து, எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டிருந்தது அவனுக்கு.

பிற்பகல் 1.15. கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தான். “சுந்தரம், ஒரு பத்து வரி எழுதிக் குடுடா. நாலு மணிக்குள்ள நான் வாயத் தொறக்கலேன்னா, கட்சி மாறப் போறான்னு கெளப்பி விட்ருவாய்ங்க.”

முடியாது என்று எழுந்திருக்கலாம். ஒரு வரியில் கொஞ்சம் விஷம் வைத்து அவனை ஒரேயடியாகக் கவிழ்த்திருக்கலாம். அதையும் நினைத்தேன். ஆனால் பேனாவைக் கையில் வாங்கியதும் புத்தி கெட்டுவிட்டது. வரி நன்றாக வர வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை. “மாலை என் வாசல்வரை வந்து திரும்பியது. வருத்தமில்லை. அது போய்ச் சேர்ந்த கழுத்தும் எங்கள் கழுத்துதான்” என்று எழுதியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முக்கால் மணி நேரத்தில் முடித்தேன்.

அவன் படித்தான். இரண்டாம் தரம் படிக்கும்போது அழுதான்.

“கீழே என் பேரையும் போடேன்,” என்றேன். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

“அறிக்கையில எப்பிடிடா ரெண்டு பேரு?” என்று கண்ணீரோடு சிரித்தான்.

இரண்டரைக்கு வெளியிட்டான். மூன்றரைக்குத் தலைமையிலிருந்தே போன். எழுந்து நின்று பேசினான். ஏதோ ஒரு வாரியத் தலைவர் பதவி, தேர்தல் முடிந்ததும் பார்க்கலாம் என்றார்களாம். நாலு மணிக்கு வாசலில் மறுபடியும் செருப்புகள் சேர ஆரம்பித்தன. நாற்காலிகளை மறுபடியும் விரித்தார்கள். நான் அவன் மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அவனைச் சுற்றி ஆள் இருந்தது.

மாலை 5.20. ஊருக்கு பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கம் போகும் பேருந்து, டிக்கெட் 40 ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் செங்கல்பட்டுக்காரர் ஒருவர், ஏதோ மருந்துக் கம்பெனியில் வேலையாம். போனை என் பக்கம் நீட்டினார்.

“சார், இதப் படிச்சீங்களா? சீட்டு குடுக்கல இவருக்கு. வேற எவனா இருந்தாலும் பஸ்ஸக் கொளுத்தியிருப்பான். இவரு என்னா எழுதியிருக்காரு பாருங்க.”

வேண்டாம் என்பதற்குள் பத்து வரியையும் சத்தமாகப் படித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, “இன்னொரு வாட்டி படிங்க,” என்றார். படித்தார்.

“நீங்க என்ன பண்றீங்க சார்?” என்று என்னைக் கேட்டார்.

“வாத்தியார். தமிழ்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. உக்காந்து யோசிச்சா இது வருமா? உங்களால எழுத முடியுமா?”

சொல்ல இதுதான் நேரம். கிண்டி மேம்பாலத்தில் பேருந்து ஏறி இறங்குகிறவரை வாயைத் திறந்தபடி இருந்தேன். யார் நம்புவார்கள்?

“முடியாது,” என்றேன்.

“அதான் சார்,” என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மூன்றாம் தரம் மனதுக்குள் படிக்க ஆரம்பித்தார் அவர். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பத்து வரியை எழுதியவன் யாரோ, அவன்மேல் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.