பெயிண்ட் அடித்த பிறகு

போன வருஷம் தை மாதம், மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கடலோரம் இருக்கும் எங்கள் குப்பத்தில் தொடங்கியது இது. அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் படகில், பிடிக்கிற மீனில் ஒரு பங்குக்கு வேலைக்குப் போனவர். சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அம்மாவின் நகை, புதுச்சேரி ஜவுளிக்கடையில் கால் கடுக்க நின்று நான் சேர்த்தது என்று எல்லாவற்றையும் போட்டு, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய ஃபைபர் படகையும் இஞ்சினையும் வாங்கினார். எழுத்து எதுவும் கிடையாது. "ஒரு குறையும் வராதுண்ணே, வந்தா நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னதை அப்பா அப்படியே நம்பினார்.

வாங்கிய படகை அடுத்தவர் பெயரோடு கடலில் இறக்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டி, நம் நிறம் அடித்து, நம் பெயர் எழுதி, கற்பூரம் காட்டிய பிறகுதான் இறக்குவோம். நானும் லீவு போட்டுவிட்டு உப்புத்தாள் தேய்த்தேன். இஞ்சின் மாட்டும் பின்பக்கத்தில் ஓர் இடம் லேசாக மேடு தட்டியிருந்தது. பழைய படகு அப்படித்தான் இருக்கும் என்று அதன் மேலும் நீலத்தை அடித்தோம். அன்றைக்கு அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, புது மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

சில நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கடலில் அந்த மேடு தட்டிய இடமே விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறியது. அப்பாவும் சித்தப்பாவும் டப்பாவால் இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தார்கள். ஃபைபர் வேலை செய்பவரைக் கூப்பிட்டு அடைத்தோம். இனி கவலையில்லை என்றார். அடுத்த மாதமே இஞ்சின் மாட்டியிருந்த பின்பலகை மொத்தமாகப் பிய்ந்து, இஞ்சினோடு கடலுக்குள் போய்விட்டது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்ததால் உயிராவது மிஞ்சியது.

விற்றவர் வந்து படகைச் சுற்றிப் பார்த்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"சுரண்டினது நீங்க, ஒட்டினது உங்க ஆளு. இது நான் குடுத்த படகே இல்லண்ணே."

ஃபைபர்காரரோ, பின்பலகையில் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் எப்போதோ உளுத்துப்போய், யாரோ மேலே ஒட்டி மறைத்திருக்கிறார்கள் என்று எங்களிடம் சொன்னார். அதை ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து சொல்லுங்கள் என்றதும் பின்வாங்கிவிட்டார். விற்றவர் ஊர்ப் படகெல்லாம் அவரிடம்தான் வேலைக்கு வருகிறதாம். ஓட்டையை அடைக்கச் சொன்னீர்கள், அடைத்தேன், உள்ளே இருக்கும் மரத்துக்கு நான் பொறுப்பா என்று எங்களையே கேட்டார். சாட்சி இல்லாத பேச்சு என்று பஞ்சாயத்தும் கையை விரித்தது.

கடைசியாகத் திண்டிவனத்தில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். பெயிண்ட் அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் இருந்ததெல்லாம் மாலை போட்ட நீலப் படகின் போட்டோதான். அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்க பேரையே எழுதிட்டீங்களேம்மா. நல்லா பார்த்துத்தான் ஏத்துக்கிட்டாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. கேஸ் போடலாம், ஆனா நிக்கறது கஷ்டம்." பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

அப்பா மறுபடி பங்குக்குப் போகப் படகு தேடினார். எல்லாப் படகிலும் ஆள் சேர்ந்துவிட்டது. இந்த வயதில் அவரைக் கூப்பிடவும் யாருமில்லை. எங்களிடம் விற்றவர் அந்தப் பணத்தில் புதுப் படகு எடுத்திருந்தார். அதில் ஓர் ஆள் குறைகிறது, வர முடியுமா என்று அவரே சொல்லி அனுப்பினார். போகவே கூடாது என்று நான் கத்தினேன். "வேற யாரும்மா என்னைக் கூப்புடறாங்க?" என்றார் அப்பா. மறுநாள் போனார். இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்.

அவர் பங்காகக் கொண்டு வரும் மீனைத்தான் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம். ஏமாந்ததைக்கூட என்றாவது மறந்துவிடுவேன், ஏமாற்றியவரிடமே என் அப்பா வேலைக்கு நிற்கிறாரே, அதை மட்டும் ஒரு கவளத்திலும் என்னால் மறக்க முடியவில்லை.